உம்மாவா? வாப்பாவா?

மழலை பேசும் பிள்ளையிடம் பெரியவர்கள் வினவும் வினாக்களுள் மிகப் பழையது ஒன்றுண்டு. ‘உனக்கு உம்மாவைப் பிடிக்குமா, வாப்பாவைப் பிடிக்குமா?’ என்பதே அது. கடலோர ஊர்களில் உம்மா, வாப்பா என்றும், உள்நாட்டு ஊர்களில் அம்மா, அத்தா என்றும் சொற்கள் மாறினும் வினா ஒன்றே. கேட்பவர்க்கு அது விளையாட்டு. பிள்ளை மருண்டு இருவர் முகத்தையும் மாறி மாறி நோக்குவதும், யார் மடியில் இருக்கிறதோ அவர் பெயரைச் சொல்லிவிட்டு மற்றவரை ஓரக்கண்ணால் பார்ப்பதும் நமக்குச் சிரிப்பை மூட்டுகின்றன. கெட்டிக்காரப் பிள்ளை ‘ரெண்டு பேரையும்’ என்று கூறித் தப்பிக்கொள்ளும். அப்போதும் நாம் விடுவதில்லை. ‘ரெண்டு பேரிலும் யாரைக் கூடுதலாக?’ என்று மடக்குகிறோம்.

பொருளீட்டுவதற்காகக் கடல் கடந்து செல்வோரைச் ‘சபுராளி’ என்றழைப்பது நம் கடலோர ஊர்களின் வழக்கு. அன்று இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் சென்றனர். பின்னர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். தந்தையின் முகத்தை ஆண்டுக்கணக்கில் காணாது வளர்ந்த பிள்ளை, அவர் பெட்டியைத் திறக்கும் நாளில் இந்த வினாவுக்கு விடை கூறியாக வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த பொம்மை ஒரு கையில் இருக்க, இத்தனை நாளும் சோறூட்டியவள் எதிரில் நிற்க, அப்பிள்ளை எந்த விடையைக் கூறினும் ஒருவர் முகம் வாடத்தான் செய்யும்.

விளையாட்டு வினையாகும் என்பர். கணவனும் மனைவியும் பிரியும் வேளையில் இதே வினா விளையாட்டாக இராமல் வழக்காகிவிடுகிறது. ஜமாஅத்தார் முன்னிலையிலோ நீதிமன்றத்திலோ பிள்ளை நிறுத்தப்படுகிறது. ‘பிள்ளையிடமே கேளுங்கள், மார்க்கமே பிள்ளைக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது’ என்று இரு தரப்பாரும் கூறுகின்றனர். மார்க்கச் சட்ட வரலாற்றில் பிள்ளைக்கு அத்தகைய உரிமை அளிக்கப்பட்டதுண்டு என்பது மெய்யே. ஆனால் அன்று கேட்கப்பட்ட கேள்வி எது, எந்த நிலையில் கேட்கப்பட்டது, எத்தகைய வேலிகளுக்கு உட்பட்டுக் கேட்கப்பட்டது என்பவற்றை நாம் ஆராய்ந்து பார்ப்பதில்லை. அதனைச் சிறிது காண்போம்.

மதீனாவில் இரு வழக்குகள்

இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்களின் ஹதீஸ் தொகுப்பில் இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து இடம் பெற்றுள்ளன.

முதலாவதில், மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்மணி பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிடுகிறார். தம் மகனைத் தாம் வயிற்றில் சுமந்ததையும், பாலூட்டியதையும், மடியில் வைத்துக் காத்ததையும் எடுத்துரைத்து, தம்மை விலக்கிய கணவர் இப்போது பிள்ளையையும் பறிக்க நினைக்கிறார் என்கிறார். அப்பெண்மணி மறுமணம் செய்துகொள்ளாத வரையில் பிள்ளையின் மீது அவருக்கே உரிமை அதிகம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். பிள்ளை சிறியது, ஆதலின் அதனிடம் எதுவும் கேட்கப்படவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இதிலும் முறையிடுபவர் தாயே. தம் மகன் அபூ இனபா கிணற்றிலிருந்து தமக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருகிறான் என்றும், தமக்கு உதவியாயிருக்கும் அவனைக் கணவர் கொண்டுபோக விரும்புகிறார் என்றும் அவர் கூறுகிறார். சீட்டுக் குலுக்கிப் பார்க்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் முதலில் பணித்தார்கள். ‘என் மகன் விஷயத்தில் என்னோடு யார் வழக்காட முடியும்?’ என்று தந்தை வாதிட்டார். அதன் பின்னரே பெருமானார் (ஸல்) அவர்கள் சிறுவன் பக்கம் திரும்பினார்கள். இவர் உன் தந்தை, இவர் உன் தாய், இருவரில் நீ விரும்புபவரின் கையைப் பிடித்துக்கொள் என்றார்கள். சிறுவன் தாயின் கையைப் பற்றினான். தாய் அவனை அழைத்துக்கொண்டு சென்றார்.

இந்த வரிசையை வாசகப் பெருமக்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலில் கூறப்பட்டது சீட்டு. சீட்டு விழுந்தால் எவர் மீதும் குற்றமில்லை. எந்தப் பிள்ளையும் எந்தப் பெற்றோரையும் விலக்கியதாகாது. அந்த வழி அடைபட்ட பிறகுதான் சிறுவன் முன் தெரிவு வைக்கப்பட்டது. அப்போதும் ‘யார் மீது உனக்கு அன்பு அதிகம்?’ என்று அவனிடம் கேட்கப்படவில்லை. எவரைப் பற்றியும் குறை கூறும்படி அவன் ஏவப்படவில்லை. ஒரு சொல்லும் பேசாமல் ஒரு கையைப் பிடித்தான். அத்துடன் வழக்கு முடிந்தது. யாருடன் வாழ்வது என்பது ஒரு கேள்வி. யாரை நேசிப்பது என்பது வேறொரு கேள்வி. முன்னதற்கே அங்கு விடை தேடப்பட்டது.

கலீஃபாக்களின் காலத்தில்

ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனத்து அன்ஸாரிப் பெண்மணி ஒருவரை மணந்திருந்தார்கள். அவர்களுக்கு ஆஸிம் என்ற மகன் பிறந்தார். பின்னர் மணவிலக்கு நேர்ந்தது. ஒரு நாள் குபாவுக்குச் சென்ற உமர் (ரலி) அவர்கள், பள்ளிவாசல் முற்றத்தில் தம் மகன் விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். பாசம் மேலிட, சிறுவரின் கையைப் பிடித்துத் தூக்கித் தம் வாகனத்தின் மீது முன்னால் அமர்த்திக்கொண்டார்கள். தாயைப் பெற்ற பாட்டி ஓடிவந்து தடுத்தார். வழக்கு கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களிடம் சென்றது. ‘என் மகன்’ என்றார்கள் உமர் (ரலி). ‘என் மகன்’ என்றார் அம்மூதாட்டியும். குழந்தையை அப்பெண்ணிடமே விட்டுவிடுமாறு கலீஃபா தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் மறுமொழி ஒன்றும் கூறவில்லை என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா பதிவு செய்கிறது.

இதே வழக்கைக் கூறும் வேறோர் அறிவிப்பில், சிறுவர் வளர்ந்து தாமே தெரிந்துகொள்ளும் வரை தாயின் மடியும் அணைப்புமே அவருக்கு நல்லவை என்று கலீஃபா கூறியதாகக் காண்கிறோம். அரபு நாடே அஞ்சிய உமர் (ரலி) அவர்கள் ஒரு மூதாட்டியிடம் வழக்கில் தோற்றார்கள், தோற்றதை ஏற்றுக்கொண்டார்கள். ‘பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அவன் வாயாலேயே சொல்லட்டும்’ என்று அவர்கள் வாதிட்டதாக முவத்தாவின் அறிவிப்பில் ஒரு சொல்லும் இல்லை. அந்த ஆஸிம் வளர்ந்து, அவருடைய மகள் வழிப் பேரராகப் பிறந்தவரே நேர்மைக்குப் பெயர்பெற்ற கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள்.

656 முதல் 661 வரை கலீஃபாவாக இருந்த அலீ (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு செய்தியை இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் எடுத்துரைக்கிறார்கள். உமாரா என்பவர் தம் சிறுவயது நிகழ்ச்சியொன்றைக் கூறுகிறார். தாயுடன் இருப்பதா, தந்தையின் உடன்பிறந்தாருடன் இருப்பதா என்று தெரிந்துகொள்ளும் உரிமையை அலீ (ரலி) அவர்கள் அவருக்கு அளித்தார்கள். அவருடைய இளவலைச் சுட்டிக்காட்டி, இவனும் அந்த வயதை எட்டியிருந்தால் இவனுக்கும் அவ்வுரிமையை அளித்திருப்பேன் என்றார்கள். அப்போது உமாராவுக்கு வயது ஏழோ எட்டோ. ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவரிடம் கேட்டு, மற்றவரிடம் கேளாமல் விட்டது நோக்கத்தக்கது. இளம் பிள்ளையின் தோளில் அந்தச் சுமையை ஏற்றலாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

மத்ஹபுகள் இட்ட வேலிகள்

குழந்தையைப் பேணி வளர்க்கும் உரிமையைப் பிக்ஹு நூல்கள் ‘ஹளானா’ என்ற தலைப்பில் விரிவாக ஆராய்கின்றன. தமிழ் பேசும் முஸ்லிம்களிடையே இரு மத்ஹபுகள் வழங்குகின்றன. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் மிகுதி. உள்நாட்டு ஊர்களில் ஹனபி மத்ஹபினர் மிகுதி. பிள்ளையிடம் கேட்கலாமா என்ற இந்த விஷயத்தில் இவ்விரு மத்ஹபுகளும் எதிரெதிர் முடிவுகளுக்கு வந்தன. ஆயினும் இரண்டையும் அம்முடிவுகளுக்கு இட்டுச் சென்ற கவலை ஒன்றேயாகும்.

ஹனபி அறிஞர்கள், பிள்ளை பருவமடையும் முன் அதனிடம் கேட்பதே கூடாது என்றனர். ஆண்பிள்ளை தானே உண்ணவும், உடுக்கவும், தூய்மை செய்துகொள்ளவும் கற்கும் வரை தாயிடம் இருக்க வேண்டும். இதனை ஏழு வயது எனக் கணித்தனர். பெண்பிள்ளை அதனினும் கூடுதலான காலம் தாயிடம் இருப்பாள். அதன் பின் தந்தையிடம் செல்ல வேண்டும். 1197-இல் மறைந்த மர்கீனானி (ரஹ்) அவர்களின் ‘ஹிதாயா’ இதற்குக் கூறும் காரணம் நுட்பமானது. அறிவு முதிராத பிள்ளை தன்னைக் கண்டிக்காமல் விளையாட விடுபவரையே தேர்ந்தெடுக்கும். ஆகவே அத்தெரிவினால் பிள்ளையின் நலன் நிறைவேறாது என்பது அதன் வாதம். அப்படியாயின் மதீனாவில் நடந்த தெரிவுக்கு என்ன விளக்கம்? கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் அளவுக்கு அச்சிறுவன் வளர்ந்திருந்தான். ஆதலின் அவன் பருவமடைந்தவனாக இருக்க வேண்டும் என்று ஹனபிகள் விடையளித்தனர்.

ஷாபிஈ மத்ஹபு, நன்மை தீமை பிரித்தறியும் ‘தம்யீஸ்’ பருவத்தை எட்டிய பிள்ளைக்கு, அஃதாவது ஏறத்தாழ ஏழு வயதில், ஆணாயினும் பெண்ணாயினும் தெரிவுரிமையை அளித்தது. ஆனால் அவ்வுரிமையைச் சுற்றி எழுப்பிய வேலிகளை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1277-இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ அவற்றை ஒவ்வொன்றாக வகுத்துரைக்கிறது.

முதலாவது, தாயும் தந்தையும் இருவருமே வளர்ப்பதற்குத் தகுதியுடையோராய் இருந்தால்தான் பிள்ளையிடம் கேட்க வேண்டும். ஒருவர் தகுதியற்றவரெனில் தெரிவுக்கு இடமில்லை. இரண்டாவது, ஒருவரைத் தெரிந்துகொண்ட பிள்ளை பின்னர் மனம் மாறினால் மற்றவரிடம் மாற்றப்படும். ஒருமுறை சொன்ன சொல்லுக்காக அது ஆயுள் முழுதும் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. மூன்றாவது, தந்தையைத் தெரிந்துகொண்ட மகன் தன் தாயைக் காணச் செல்வதைத் தந்தை தடுக்கலாகாது; தாயைத் தெரிந்துகொண்டால் இரவில் தாயிடமும், பகலில் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்குமாகத் தந்தையிடமும் இருப்பான். நான்காவது, பிள்ளை இருவரையும் வேண்டுமென்றால் சீட்டுக் குலுக்கப்படும்.

இந்த நான்காம் விதி எண்ணி மகிழத்தக்கது. ‘ரெண்டு பேரையும்’ என்று கூறும் பிள்ளையை நம் வீட்டுக் கூடத்தில் நாம் மடக்குகிறோம். சட்ட நூல் அப்பிள்ளையை மடக்கவில்லை. அந்த விடையும் முறையான விடையே என ஏற்று, பொறுப்பைப் பிள்ளையிடமிருந்து எடுத்துச் சீட்டின் மீது வைத்துவிட்டது.

பள்ளிக்கு அஞ்சிய சிறுவன்

ஹனபிகள் அஞ்சியது வெறும் கற்பனையன்று என்பதற்குச் சான்று வேறொரு மத்ஹபின் நூலிலேயே கிடைக்கிறது. ஹன்பலி மத்ஹபைச் சார்ந்தவரும் 1350-இல் மறைந்தவருமான இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள், தம் ஆசிரியர் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் வாயிலாகக் கேட்ட நிகழ்ச்சியொன்றை ‘ஸாதுல் மஆத்’ என்ற நூலில் எழுதியுள்ளார்கள்.

ஒரு பிள்ளைக்காகத் தாயும் தந்தையும் நீதிபதியிடம் வழக்காடினர். நீதிபதி பிள்ளைக்குத் தெரிவுரிமை அளித்தார். பிள்ளை தந்தையைத் தெரிந்துகொண்டது. அத்துடன் வழக்கு முடிந்திருக்கும். ஆனால் தாய், எதற்காகத் தந்தையைத் தெரிந்துகொண்டான் என்று கேட்குமாறு நீதிபதியை வேண்டினாள். நீதிபதி கேட்டார். உம்மா தன்னை நாள்தோறும் ஓதப் பள்ளிக்கு அனுப்புவதாகவும், அங்கே ஓதிக் கொடுப்பவர் அடிப்பதாகவும், வாப்பாவோ மற்றச் சிறுவர்களுடன் விளையாட விட்டுவிடுவதாகவும் பிள்ளை உள்ளதை உரைத்தது. நீதிபதி உடனே தீர்ப்பை மாற்றினார். பிள்ளையைத் தாயிடமே ஒப்படைத்தார்.

அப்பிள்ளை பொய் சொல்லவில்லை. தந்தை மீது மிகுந்த அன்பு என்றோ, தாய் மீது வெறுப்பு என்றோ கூறவுமில்லை. அடிக்கு அஞ்சியது, அவ்வளவே. பிள்ளையின் விடையை அன்பின் அளவுகோலாகக் கொள்வது எத்துணைப் பெரிய பிழை என்பதை அந்த நீதிபதி ஒரே கேள்வியில் வெளிப்படுத்திவிட்டார். பொம்மை வாங்கி வந்தவர் பக்கம் சாயும் பிள்ளையையும், பாடம் படிக்கச் சொன்னவரைப் பிடிக்காது என்னும் பிள்ளையையும் நாம் நாள்தோறும் காண்கிறோமல்லவா?

ஆங்கிலேயர் சட்டமும் இந்திய நீதிமன்றமும்

இங்கிலாந்தின் பழஞ்சட்டத்தில் பிள்ளை தந்தையின் உடைமைபோல் கருதப்பட்டது. 1804-இல் எட்டு மாதக் கைக்குழந்தையொன்றைத் தாயிடமிருந்து தந்தை வலிந்து கவர்ந்து சென்றார். தாய் மன்றாடியும் இலண்டன் நீதிமன்றம் குழந்தையைத் திருப்பித் தர மறுத்துவிட்டது. கணவரால் மூன்று ஆண்மக்களைப் பிரிந்து தவித்த எழுத்தாளர் கரோலின் நார்ட்டன் அம்மையார் எழுதியும் வாதாடியும் கிளர்ச்சி செய்ததன் பயனாக 1839-இல் ஒரு சட்டம் பிறந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கோரி நீதிமன்றத்தை அணுகும் உரிமையை ஆங்கிலேயத் தாய்மார்கள் அப்போதுதான் பெற்றனர்.

இந்தியாவில் ஆங்கிலேயர் நீதிமன்றங்களை அமைத்தபோது முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளுக்கு அவர்கள் சான்றாகக் கொண்ட நூல்களுள் முதன்மையானது ஹிதாயா. சார்லஸ் ஹாமில்ட்டன் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1791-இல் வெளியிட்டார். பின்னர் 1890-இல் பாதுகாவலர் சட்டம் இயற்றப்பட்டது. இன்றளவும் அது நடைமுறையில் உள்ளது. பிள்ளையின் தனிச்சட்டத்துக்கு இசைவாக அதன் நலனை நாடுமாறு அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு நீதிமன்றத்தைப் பணிக்கிறது. அறிவோடு ஒரு விருப்பத்தை வெளியிடும் வயதைப் பிள்ளை எட்டியிருந்தால் அவ்விருப்பத்தை நீதிமன்றம் கருத்திற் கொள்ளலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. ‘கொள்ளலாம்’ என்றதேயன்றி ‘கட்டுப்பட வேண்டும்’ என்று கூறவில்லை.

1984-இல் இயற்றப்பட்ட குடும்ப நீதிமன்றச் சட்டம், இத்தகைய வழக்குகளை மூடிய அறைக்குள் விசாரிக்க வழி செய்தது. ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் இணைந்தது. பிள்ளை தன் கருத்தைத் தடையின்றிக் கூறும் உரிமையையும், பிரிந்த பெற்றோர் இருவருடனும் தொடர்பு வைத்துக்கொள்ளும் உரிமையையும் அவ்வுடன்படிக்கை அருகருகே வைத்திருக்கிறது. பிள்ளையிடம் கேட்கவும் வேண்டும், கேட்பதனால் அப்பிள்ளை எவரையும் இழந்துவிடவும் கூடாது என்பதே இதன் கருத்து. நவவி (ரஹ்) அவர்கள் வகுத்த வேலிகளின் கருத்தும் இதுவன்றோ!

நம் இல்லங்களில்

பிள்ளையிடம் கேட்கவே கூடாது என்று முடிவு கட்டுவது நம் நோக்கமன்று. வேறு வழி இல்லாதபோது, தகுதியுள்ள நீதிபதி, தக்க வயதில், தனிமையில் கேட்கலாம். வரலாறு அதற்கு இடமளித்திருக்கிறது. அந்த நீதிபதியின் கருவியை நாம் எடுத்து வீட்டுக் கூடத்தில் வைத்து விளையாடுவதும், மணவிலக்கு நேர்ந்தபின் அதையே ஒருவரையொருவர் குத்தும் ஆயுதமாக்குவதுமே பிழை.

பிரிந்த பெற்றோரின் பிள்ளை, வெள்ளிக்கிழமை ஒரு வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை மற்றொரு வீட்டிலும் கழிக்கிறது. ‘அங்கே யார் யார் வந்தார்கள்? என்னைப் பற்றி என்ன சொன்னார்கள்? அங்கே இருக்கப் பிடிக்கிறதா, இங்கே இருக்கப் பிடிக்கிறதா?’ என்று துருவுகிறோம். சில வாரங்களில் பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. இங்கே வரும்போது இவர் கேட்க விரும்பும் விடையையும், அங்கே செல்லும்போது அவர் கேட்க விரும்பும் விடையையும் கூறத் தொடங்குகிறது. நாம் அதனை அன்பு என எண்ணி மகிழ்கிறோம். உண்மையில் நாம் கற்றுக் கொடுத்தது பொய். அதனினும் கொடியது, ஒரு வீட்டில் சிரித்ததை மறுவீட்டில் மறைக்க வேண்டும் என்ற அச்சம்.

பிரியாத குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. வளைகுடாவில் இருக்கும் தந்தை அன்று ஒலிநாடாவில் பேசி அனுப்பினார். இன்று கைப்பேசித் திரையில் முகம் காட்டிப் பேசுகிறார். ‘வாப்பா மேல் உனக்குப் பாசமே இல்லையே’ என்று அவர் ஏங்கிச் சொல்லும் சொல் விளையாட்டன்று. தொலைவில் வாடும் உள்ளத்தின் குரல் அது. நாம் அதனை உணர்கிறோம். எனினும் அந்த ஏக்கத்துக்கு மருந்திட வேண்டிய கடமை ஐந்து வயதுப் பிள்ளைக்கு உரியதன்று. அவ்விடத்தில் தாய், ‘வாப்பா உனக்காகத்தான் அங்கே பாடுபடுகிறார்கள்’ என்று ஒரு சொல் கூறினால் அதுவே மருந்தாகும்.

திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 233-ஆம் வசனம் பாலூட்டும் காலத்தைப் பற்றிப் பேசுகிறது. பிள்ளையை முன்னிட்டுத் தாயும் துன்புறுத்தப்படலாகாது, தந்தையும் துன்புறுத்தப்படலாகாது என்பது அதன் கருத்து. பால் மறக்கச் செய்வதைக் கூட இருவரும் மனமொப்பிக் கலந்து பேசியே செய்ய வேண்டும் என்றும் அது வலியுறுத்துகிறது. பதினேழாம் அத்தியாயமோ பெற்றோர் இருவருக்கும் நன்மை செய்யுமாறு பிள்ளையைப் பணிக்கிறது. அவர்களை நோக்கிச் ‘சீ’ என்ற சொல்லையும் விலக்குகிறது. இவ்வாறு இருவருக்கும் கடமைப்பட்ட பிள்ளையிடம் ஒருவரைக் குறைத்துப் பேசுமாறு கேட்பது, இறைவன் விலக்கியதைச் செய்யுமாறு அதனைத் தூண்டுவதாகும். ‘தாய்க்கு மும்மடங்கு உரிமை என்று ஹதீஸ் உள்ளதே’ என்பார் உண்டு. தாம் நல்லுறவு பேண மிகவும் தகுதியுடையவர் யார் என ஒருவர் தாமே வந்து வினவியபோது அவருக்குக் காட்டப்பட்ட வழி அது. அவ்விடையிலும் தந்தை விடுபட்டுவிடவில்லை.

சுலைமான் நபி (அலை) அவர்கள் முன் இரு பெண்கள் ஒரு குழந்தைக்காக வழக்காடிய வரலாற்றை நம் பிள்ளைகளும் அறிவர். கத்தி கொண்டுவரச் சொன்னபோது, ‘வேண்டாம், குழந்தை அவளுடையதாகவே இருக்கட்டும்’ என்றவளே தாய் எனத் தீர்ப்பாயிற்று. குழந்தை யார் பக்கம் சாய்கிறது என்று அங்கும் எவரும் பார்க்கவில்லை. எவள் விட்டுக்கொடுத்தாள் என்றே பார்த்தார்கள். குபாவின் பள்ளிவாசல் முற்றத்தில் தூக்கிய மகனைத் தீர்ப்புக்குப் பின் மறுபேச்சின்றி விட்டுக்கொடுத்த உமர் (ரலி) அவர்களும் அவ்வழியில் நின்றவர்களே.

ஆகவே, இனி நம் மடியில் வந்தமரும் பிள்ளையிடம் அந்தப் பழைய வினாவை நாம் வினவாதிருப்போம். உறவினர் எவரேனும் வினவினால், பிள்ளை விடை தேடித் தடுமாறும் முன், ‘அவனுக்கு இருவரும் வேண்டும்’ என்று பெற்றோராகிய நாமே முந்திக்கொண்டு கூறுவோம். பிரிந்து வாழ நேர்ந்தவர்களும், மற்றவரைப் பற்றிப் பிள்ளையின் முன் ஒரு நற்சொல்லேனும் கூற முயல்வோம். வல்ல இறைவன் அதற்கான மனவலிமையை நம் அனைவர்க்கும் அருள்வானாக!